போணி விரல்

ஆனைக்குளம் கூட்டுறவு நூற்பாலையின் கேன்டீன் மாஸ்டர் சீனிராஜுக்கு வாழ்க்கையில் இரண்டு பெருமைகள், ஒரு பகை. முதல் பெருமை, மில் மருந்தகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி முனீஸ்வரி. இரண்டாவது, கேன்டீன் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் மாவட்ட விருது. பகை, எலி.

விருது கிடைத்த கதையை அவர் சொல்லாத ஆள் அந்த மில்லில் கிடையாது. எட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு சட்டம் வந்தது. நூற்பாலைகளில் பெண்கள் ரத்தம் இல்லாமல், ஓடுகிற நூற்புக் கதிருக்கு முன்னால் மயங்கி விழுவது தொடர்ந்ததால், ஷிப்டுக்குள் நுழையும்போதே ஒவ்வொருவர் ரத்தத்தையும் பார்த்தாக வேண்டும் என்றது சட்டம். தினமும் நானூறு பேரை ஊசியால் குத்த முடியுமா? அதற்காக ஒரு கருவி வந்தது. வாசலில், இடுப்பு உயரத்தில், ஒரு பெட்டி. அதன் துளைக்குள் விரலை நீட்டினால் உள்ளே ஒரு வெளிச்சம் நகத்தைத் துளைத்துப் பார்க்கும். ஒரு சொட்டு ரத்தம் வெளியே வராது. பச்சை விளக்கு எரிந்தால் வேலை. சிவப்பு எரிந்தால் மருந்தகம், மாத்திரை, ஓய்வு. அதற்கு ரத்தக்கண் என்று பெண்களே பேர் வைத்தார்கள்.

நல்ல கருவிதான். முதல் வருடம் பாதிப் பேருக்குச் சிவப்பு எரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை கூடியது. கடந்த இரண்டு வருடங்களில் ஆனைக்குளம் மில்லில் சிவப்பு விளக்கை யாருமே பார்க்கவில்லை. மாவட்டத்திலேயே ரத்தம் அதிகமுள்ள பெண்கள் ஆனைக்குளத்துப் பெண்கள் என்று அறிக்கை வந்தது. காரணம் என்ன என்று மேலிடத்தில் கேட்டபோது மேனேஜர் யோசிக்காமல் சொன்னார்: "எங்க கேன்டீன் முருங்கைக்கீரைக் குழம்பு." அப்படித்தான் கண்ணாடி போட்ட விருது சுவருக்கு வந்தது. சீனிராஜ் தினமும் காலையில் அதைத் துடைப்பார்.

அந்தக் குழம்பைச் சாப்பிடத்தான் அன்றைக்கு டாக்டர் எஸ்தர் கமலம் வந்திருந்தார். மாவட்ட சுகாதாரத் துறையில் புதிதாகப் பொறுப்பேற்றவர். நாற்பது நாற்பத்தைந்து வயது. வந்ததும் மேனேஜர் அறைக்குப் போகாமல் நேராகக் கேன்டீனுக்கு வந்து, பெண்களோடு வரிசையில் நின்று தட்டு வாங்கிக்கொண்டதில் சீனிராஜ் பாதி சரணடைந்துவிட்டார்.

"மாஸ்டர், குழம்பு ரொம்ப நல்லாருக்கு," என்றார் டாக்டர். "எத்தனை நாளைக்கு ஒரு தடவை வைக்கிறீங்க?"

"வாரத்துல நாலு நாள் டாக்டர். சாப்பிட்டு முடிச்ச கையோட சூடா ஒரு டீ. அந்த டீயில்லாம ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாக."

டாக்டர் சிரித்தார். ஆனால் அவர் கண் தட்டில் இல்லை, வாசலில் இருந்தது. கேன்டீனுக்கு ஆறே படிகள்தான். மூன்றாவது படியில் ஒருத்தி கைப்பிடியைப் பிடித்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் அதே இடத்தில் நின்றாள். இன்னொருத்தி மோர் வாளியிலிருந்து ஐஸ் கட்டியை மட்டும் அள்ளிப் போட்டு நறநறவென்று மென்றுகொண்டு போனாள்.

"ஐஸ் மெல்றாங்களே?"

"எல்லாரும் அப்படித்தான் டாக்டர். வெயில் பாருங்க. மோரை ஊத்திக் குடுத்தா ஐஸை மட்டும் பொறுக்கிக்கிடுவாக."

"எனக்கு ஒரு சந்தேகம் மாஸ்டர். இங்க ரத்தம் சராசரி பதினஞ்சு கிராம் காட்டுது. நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்குப் பன்னெண்டு இருந்தாலே சந்தோஷப்படுவேன். உங்க குழம்புல அப்படி என்னதான் இருக்குன்னு பாக்க வந்தேன்."

சீனிராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார். பெருமை வந்தால் அவருக்கு வேர்க்கும். "குழம்பு பாதி, கைராசி மீதி," என்றார். "எங்க வீட்டுக்காரி முனீஸ்வரிதான் மருந்தகத்துல ரத்தக்கண்ணைப் பாத்துக்கிடறா. லேப் படிப்பு படிச்சவ. காலையில முதல் விரல் அவ வச்சாத்தான் மத்தவுக வைப்பாக. கடையில போணி பண்ற மாதிரி. அவ ரத்தம் எவ்வளவு தெரியுமா? பதிமூணு புள்ளி ரெண்டு. மூணு வருஷமா அதே பதிமூணு புள்ளி ரெண்டு. ஒரு புள்ளி ஏறினதில்ல, ஒரு புள்ளி இறங்கினதில்ல."

டாக்டர் கையிலிருந்த சோற்று உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"ஒரு புள்ளி கூடவா?"

"கூட இல்ல."

"மாஸ்டர், அந்தக் கருவியோட ஒரு ரப்பர் விரல் குடுத்திருப்பாங்களே. அதோட எண் மாறவே மாறாது, தினமும் காலையில முதல்ல அதைக் காட்டித்தான் கருவியைச் சரி பாக்கணும். அது எங்க?"

சீனிராஜின் முகம் மாறியது. பகையின் கதைக்கு வந்துவிட்டார்கள்.

"எலி தின்னுருச்சு டாக்டர்."

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு திங்கள்கிழமை. ரப்பர் விரலைக் கழுவிக் காயட்டும் என்று கேன்டீன் ஜன்னலில் வைத்திருந்தாள் முனீஸ்வரி. ராத்திரியில் எலி அதை நகம் வரை கடித்துவிட்டது. காலையில் நானூறு பேர் வாசலில் நிற்கிறார்கள். முதலில் விரலைக் காட்டாமல் கருவி கண்ணையே திறக்காது. முனீஸ்வரி கெட்டிக்காரி. முந்தின நாள் சாயங்காலம் கருவி தனக்குப் பதிமூணு புள்ளி ரெண்டு சொன்னது நினைவிருந்தது. ரப்பர் விரலின் எண்ணை அழித்து, தன் எண்ணைப் பதிந்து, தன் விரலையே நீட்டினாள். கண் திறந்தது. அன்றைக்கு ஒன்றிரண்டு பேரைத் தவிர அத்தனை பேருக்கும் பச்சை. இரண்டு மாதம் கழித்துப் புது ரப்பர் விரல் பார்சலில் வந்தபோது பெண்கள் விடவில்லை. உயிருள்ள கை இருக்கும்போது ரப்பரில் யாராவது போணி பண்ணுவார்களா என்றார்கள். பார்சல் பிரிக்காமல் மேசை டிராயரில் கிடக்கிறது.

"அந்த எலி இன்னும் போகல டாக்டர்," என்றார் சீனிராஜ். "இப்ப எங்க வீட்டுக்கே வந்துருச்சு. அரிசி மூட்டை நாளுக்கு நாள் இறங்குது. பொறி வச்சேன், வடை வச்சேன், கருவாடு வச்சேன். எதையும் தொடாம அரிசியை மட்டும் திங்குது."

"மூட்டையில ஓட்டை இருக்கா?"

"இல்ல."

"புழுக்கை கிடக்குதா?"

"அதான் அதிசயம். ரொம்ப சுத்தமான எலி."

டாக்டர் எழுந்து கை கழுவினார். "உங்க வீட்டம்மாவைப் பாக்கணும்," என்றார்.

மருந்தகத்தில் முனீஸ்வரி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் எழுந்தாள், எழுந்த வேகத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டாள். இப்போதெல்லாம் அவள் எதையாவது பிடித்துக்கொண்டுதான் எழுகிறாள் என்பது சீனிராஜுக்குத் தெரியும். நாற்பத்து நாலு வயதாயிற்று, முழங்கால் வலி என்று நினைத்திருந்தார். படுக்கையில் அவள் மூச்சு இரைப்பதையும் கேட்டிருந்தார். ஒரு நாள் கேட்டும் விட்டார். "எனக்கு என்ன, பதிமூணு புள்ளி ரெண்டு," என்று சிரித்தாள். கருவியே சொல்லும்போது கேன்டீன்காரர் என்ன சொல்ல முடியும்?

"உக்காருங்க முனீஸ்வரி," என்றார் டாக்டர். ஜன்னல் பக்கமாக அவள் முகத்தைத் திருப்பி, கட்டைவிரலால் கீழ் இமையை மெல்ல இழுத்தார். "மாஸ்டர், நீங்களும் வந்து பாருங்க."

சீனிராஜ் குனிந்து பார்த்தார். இருபத்திரண்டு வருடங்களாகப் பார்க்கிற கண்தான். இமைக்கு உள்பக்கத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. சிவப்பாக இருக்க வேண்டிய இடம் கஞ்சித் தண்ணீர் நிறத்தில் இருந்தது.

டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு வழுவழுவென்று வெளுத்திருந்தது. விரல் நகத்தைப் பார்த்தார். நடுவில் கரண்டி மாதிரி குழிந்திருந்தது. குழாயிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை அந்த நகத்தில் விட்டார். சொட்டு வழியாமல் அங்கேயே நின்றது. நாடியைப் பிடித்துக் கொஞ்ச நேரம் கடிகாரத்தையே பார்த்திருந்தார்.

பிறகு ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்: "அரிசி மெல்லுவீங்களா?"

முனீஸ்வரி சீனிராஜைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"எலி..." என்று ஆரம்பித்தார் சீனிராஜ். எந்த எலிக்காக அவர் வடை சுட்டு வைத்தாரோ அது எதிரே உட்கார்ந்து முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது. அவருக்கு அழுகை வந்தது. அழாமல் இருக்க ஜன்னலைப் பார்த்தார்.

"என்னமோ தெரியல டாக்டர்," என்றாள் முனீஸ்வரி. "ஒரு வருஷமா அந்த வாசனை அடிச்சா கை தானாப் போகுது. சொன்னா சிரிப்பாகன்னு சொல்லல. மூட்டையை உள்ள இருந்து மட்டமாத் தட்டி வச்சிருவேன்."

"உடம்புல இரும்பு தீந்துபோனா சிலருக்கு இப்படி ஆகும். அரிசி, ஐஸ், பல்பம், சாம்பல்னு கை போகும். வெக்கப்பட வேண்டியது இல்ல. இது ஒரு அடையாளம்."

"ஆனா எனக்குப் பதிமூணு..."

"அந்தக் கருவிக்கு நீங்க யாருன்னு தெரியாதும்மா. காலையில முதல்ல வர்ற விரல் பதிமூணு புள்ளி ரெண்டுன்னு நீங்கதான் அதுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. அது நம்பிருச்சு. உங்க ரத்தம் இறங்க இறங்க, அந்த இறங்கின ரத்தமே அதுக்குப் பதிமூணு புள்ளி ரெண்டு. அப்புறம் வர்றவங்களை எல்லாம் உங்களோட ஒப்பிட்டுப் பாத்துத்தான் எண் போடுது."

முனீஸ்வரி படித்தவள். அவள் முகத்தில் அது புரிந்துகொண்டே வந்ததைச் சீனிராஜ் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ மத்தவுக," என்றாள். "நானூறு பேரு."

"முதல்ல உங்களைப் பாப்போம்."

"தங்கமாரி போன வாரம் நூல் சுத்துற ரிங் பிரேம் மிஷின்ல மயங்கி விழுந்தா டாக்டர். கை கிழிஞ்சு ஆறு தையல். எனக்கு முடியலக்கா, சிவப்புப் போட்டுக் குடுன்னு அதுக்கு முந்தின நாள்தான் வந்து கெஞ்சினா. ரத்தம் நல்லாத்தான்டி இருக்கு, உனக்கு மனசுதான் சரியில்லைன்னு நான் சொன்னேன். நான்தான் சொன்னேன்."

சோம்பேறி என்று சூப்பர்வைசர் தங்கமாரியைத் திட்டியதும், கருவி பச்சை காட்டும்போது இவளுக்கு என்ன கேடு என்று மேனேஜர் கேட்டதும் சீனிராஜுக்கு நினைவு வந்தது. தானும் ஒருநாள், என் குழம்பு சாப்பிட்டுமா களைப்பு என்று அவளைக் கேலி செய்தது அதைவிடத் தெளிவாக நினைவு வந்தது.

ரத்தம் எடுத்து அந்த ஊரில் யாரும் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஊசி போய்விட்டது என்பதால் தாலுகாவில் இருந்த லேப்களும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. டாக்டர் தன் பையிலிருந்து ஊசியை எடுத்து முனீஸ்வரியின் முழங்கையில் இரண்டு சிறு குழாய்களில் ரத்தம் எடுத்தார். ரத்தம் வெளிறித் தண்ணீராகத் தெரிந்தது. மருந்தக அலமாரியில் தூசி படிந்த மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தது. முனீஸ்வரியே அதைத் துடைத்தாள், தன் ரத்தத்திலேயே ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துச் சாயம் போட்டாள். பார்த்துவிட்டு நகர்ந்து கணவருக்கு இடம் விட்டாள்.

"என்ன தெரியணும் எனக்கு?" என்றார் சீனிராஜ்.

"வட்டம் வட்டமாத் தெரியுதா? அதுதான் சிவப்பணு. எல்லாம் ஒரே அளவா, உள்ள நிறமா இருக்கணும்," என்றாள். "எனக்குச் சின்னதும் பெருசுமா இருக்கு. நடுவுல வெளுத்துப்போய் ஓரம் மட்டும் தெரியுது."

மீதி முடிவுகள் இரண்டு நாளில் மாவட்டத் தலைநகரிலிருந்து வந்தன. டாக்டரே கொண்டுவந்தார். ரத்தம் ஏழு கிராம்.

"அதுகூட எனக்குப் பெருசாப் படல மாஸ்டர். பெரிட்டின்ங்கிற ஒரு டெஸ்ட். உடம்பு சேத்து வச்சிருக்கிற இரும்பு எவ்வளவுன்னு காட்டும். அது நாலு. முப்பதுக்கு மேல இருக்கணும்."

"சட்டியில இருக்கிறது வேற, மூட்டையில இருக்கிறது வேற," என்றார் சீனிராஜ்.

"அதேதான். சட்டியும் காலி, மூட்டையும் காலி. ஆனா இது பாதிப் பதில்தான். மூட்டை ஏன் காலியாச்சுன்னு கண்டுபிடிக்கணும். அதை விட்டுட்டு மாத்திரை மட்டும் குடுத்தா நிரப்ப நிரப்ப ஒழுகும்."

அவர் முனீஸ்வரியை உள்ளே கூட்டிப்போய்த் தனியாகப் பேசினார். மாதவிலக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று மூன்று வருடமாக நீண்டிருக்கிறது. கருவி நல்ல எண்ணைக் காட்டும்போது இதை ஒரு நோயாகச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. கெட்ட கட்டி இல்லை, எடுத்துவிடலாம், அதற்கு முன்னால் ரத்தம் ஏற வேண்டும் என்றார்கள். கெட்ட கட்டி இல்லை என்ற வார்த்தையைச் சீனிராஜ் டாக்டரை மூன்று தடவை சொல்லவைத்தார்.

டிராயரில் கிடந்த பார்சலைப் பிரித்து ரப்பர் விரலைக் காட்டிய அன்று வாசலில் முந்நூற்றுப் பத்துப் பேருக்குச் சிவப்பு எரிந்தது. மில் முக்கால்வாசி ஓடவில்லை. மேனேஜர் டாக்டரிடம் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்ளலாமே என்று சொல்லிப் பார்த்தார். டாக்டர் அவருடைய கீழ் இமையையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க நல்லா இருக்கீங்க, அதான் அவசரம் தெரியல," என்றார்.

முனீஸ்வரி அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இரும்பு மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருக்க வேண்டியவள். கேட்கவில்லை. ஆட்டோவில் வந்து கேன்டீனின் ஆறு படிகளையும் மூன்று இடத்தில் நின்று ஏறினாள். பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் கூடியிருந்தார்கள்.

"உங்களுக்கெல்லாம் பச்சை போட்டது என் விரல்தான்," என்றாள். "புது ரப்பர் விரல் வந்தப்பவே நான் மாத்தியிருக்கணும். நீங்க போணின்னு சொன்னது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதான் மாத்தல. தங்கமாரி, என்னை மன்னிச்சுரு."

தங்கமாரி கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, முனீஸ்வரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம எல்லாரையும் விட உனக்குத்தான் கம்மியாமே," என்றாள். "சூப்பர்வைசர் சொல்றாரு."

"ஆமா."

"அப்ப நீதான்க்கா பெரிய சோம்பேறி."

முனீஸ்வரி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். தங்கமாரி நல்ல கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். மன்னித்தேன் என்று கடைசிவரை அவள் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

சீனிராஜ் சாயங்காலம் ஒரு ஸ்டூலில் ஏறி விருதைக் கழற்றினார். டாக்டர் வேண்டாம் என்றார். "முருங்கைக்கீரை நல்லதுதான் மாஸ்டர். ஆனா அதுக்கு மேலயே டீயைக் குடிச்சா, கீரையில இருக்கிற இரும்பை டீ உடம்புக்குள்ள விடாது. டீயை மட்டும் நாலு மணிக்குத் தள்ளுங்க. சாப்பாட்டோட ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ குடுங்க." சீனிராஜ் தலையாட்டினார். மூன்று வருடமாகச் சூடாக, ஏலக்காய் தட்டிப் போட்டு, அன்பாக ஊற்றிக்கொடுத்த டீ. விருது இருந்த இடத்தில் ஒரு கரும்பலகை மாட்டினார். மேலே அன்றைய சாப்பாடு, கீழே அன்றைய பேச்சு: படியேறினால் மூச்சு வாங்குகிறதா, அரிசி மெல்லத் தோன்றுகிறதா, மருந்தகத்துக்குப் போ.

கட்டியை எடுத்தார்கள். மாதம் ஒருமுறை ஊசியால் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எட்டரை. பத்து. பதினொன்று. இப்போதும் பெண்கள் காலையில் முனீஸ்வரிக்காகக் காத்து நின்றார்கள். ரப்பர் விரல் முதலில், அவள் விரல் இரண்டாவது, பிறகுதான் மற்றவர்கள். இரண்டாவதாக வைப்பதும் போணிதான் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். அவள் எண் இப்போது ஒரு நாள் ஏறியது, ஒரு நாள் கொஞ்சம் இறங்கியது. இறங்கினாலும் சீனிராஜுக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது.

ஏழாவது மாதம், ஒரு காலை, சோறு வைக்க அரிசி அள்ளப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். மூட்டை இறங்கியிருந்தது. நேற்றைக்கு அவர் மனதில் குறித்துவைத்த மடிப்பிலிருந்து நன்றாக ஒரு படி இறங்கியிருந்தது.

வெளியே முனீஸ்வரி வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டது. கூப்பிடலாமா என்று நினைத்தார். கூப்பிட்டு என்ன கேட்பது? டாக்டர் எல்லாம் முடிந்தது என்றாரே. மறுபடியும் ஒழுகுகிறதா? மறுபடியும் சிரித்து மறைக்கிறாளா? ஆனால் அந்த ஏழு மாதத்தில் அவர் ஒன்று கற்றிருந்தார். பயப்படுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும்.

சுவரில் சாய்ந்திருந்த மூட்டையை மெதுவாக முன்னால் இழுத்தார். டார்ச்சை அடித்தார். பின்பக்கம், அடியில், சாக்கில் ஒரு ஓட்டை. ஓட்டையைச் சுற்றி நூல் நூலாகக் கடித்த அடையாளம். தரையில் சிந்திய அரிசி. அரிசி நடுவில் கறுப்பாக, சின்னச் சின்னதாக, புழுக்கை. ஒன்று, இரண்டு, ஏழெட்டு. குனிந்து ஒன்றை விரலால் தொட்டே பார்த்தார்.

மூட்டைக்கும் சுவருக்கும் இடையிலிருந்து ஒரு கொழுத்த எலி தலையை நீட்டி வெளிச்சத்தைப் பார்த்தது.

"முனீசு," என்று கூப்பிட்டார். அவள் ஈரக் கையோடு ஓடிவந்தாள், மூச்சு வாங்காமல்.

"என்னங்க?"

"எலி," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நிஜ எலி."

அவள் மூட்டையைப் பார்த்தாள், புழுக்கையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. "பொறியை எடுக்கவா?" என்றாள்.

"இருக்கட்டும், திங்கட்டும்," என்றார் சீனிராஜ். அடுப்பைப் பற்றவைத்து இரண்டு பேருக்கும் டீ போட்டார். சாப்பாட்டுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.